துக்க முகத்தோடு வாசிக்காதீர்கள்

நாஜிகள் தடைசெய்த இசையமைப்பாளர்களின் ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, செல்லோ என்று நால்வர் வாசிக்கும் இசை) என்றாலே இரங்கல் கூட்டம் போல வாசிக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எர்வின் ஷுல்ஹாஃபின் ‘ஐந்து துண்டுகள்’ 1923இல் எழுதிய நடன இசை. நாஜிகளின் வ்யூல்ஸ்பர்க் முகாமில் அவர் காசநோயால் இறந்தது 1942இல். அந்தச் சாவை எடுத்து இந்த நடன இசையின் மேல் போர்த்துவது அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

முதல் துண்டு வியன்னா வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம். வால்ட்ஸ் மூன்றாக எண்ணுவது. இவர் இரட்டை எண்ணிக்கையில் எழுதியிருக்கிறார். குறும்பே அதில்தான். இசைக்குறிப்பில் எண்ணிக்கையைப் பிரிக்கும் கோட்டைப் பார்த்து நான்கு பேரும் முதல் அடியை அழுத்தினால் அணிவகுப்பு ஆகிவிடும். அடுத்த துண்டு ஐந்து எண்ணிக்கை. கடைசி எண்ணைக் கொஞ்சம் இழுத்தாலே ஆறாகிவிடும், பலருக்கும் சறுக்குவது இங்கேதான். கண்ட நடை பழகிய நம் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பாவெல் ஹாஸின் இரண்டாம் குவார்டெட் (1925) இன்னும் பாவம். ‘குரங்கு மலைகளிலிருந்து’ என்று பெயர். செக் நாட்டின் மொராவிய மேட்டுநிலத்துக் கோடைக்காலம். இரண்டாம் பகுதியில் குதிரை வண்டி கிறீச்சிட்டு ஆடிக்கொண்டு வரும். அங்கே விரல் சறுக்கி வரும் ஒலியை அழகுபடுத்தி, உருக்கமாக வாசித்தால் வண்டியே காணாமல் போய்விடும். நான்காம் பகுதியான ‘கட்டுக்கடங்காத இரவு’க்கு ஹாஸ் ஜாஸ் தாளவாத்தியமும் சேர்த்திருந்தார். 1926இல் செக் நகரமான பிர்னோவில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் அதற்குக் கண்டனம் வர, எடுத்துவிட்டார். தயவுசெய்து திரும்பச் சேருங்கள். தாளக்காரரை முதல் வயலின் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், வயோலா அடிபட்டுப் போகும். செல்லோவுக்குப் பின்னால் தள்ளி உட்கார்த்தி, பெரிய டிரம்மின் மேல் துணி போட்டு, ஒலி அளவை ஒத்திகை அறையில் அல்ல, அரங்கிலேயே முடிவுசெய்யுங்கள். அவர் பெயரையே வைத்துக்கொண்ட ‘பாவெல் ஹாஸ் குவார்டெட்’ என்ற குழு தாளத்தோடு பதிவுசெய்ததைக் கேட்டால் அந்தப் பகுதி எப்படித் துள்ளுகிறது என்று புரியும்.

விக்டர் உல்மானின் மூன்றாம் குவார்டெட் வேறு கதை. 1943இல் நாஜிகளின் தெரேசியென்ஷ்டாட் முகாமுக்குள் எழுதியது. அவருடைய முதல் இரண்டு குவார்டெட்டுகளும் தொலைந்துவிட்டன. எல்லாப் பகுதிகளும் இடைவெளியின்றி ஓடும், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தி வில்லை இறக்கினால் கட்டுமானம் உடையும். முடிவும் ஒப்பாரி அல்ல; தொடக்க மெட்டு முழு பலத்தோடு திரும்புகிறது.

மூன்றையும் ஒரே மாலையில் அடுக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடனுக்குப் பக்கத்தில் ஷுல்ஹாஃப், செக் இசையமைப்பாளர் யானாச்செக்குக்குப் பக்கத்தில் அவர் மாணவர் ஹாஸ் என்று வையுங்கள். நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிய ஆண்டை முதலில் போடுங்கள், இறந்த ஆண்டு பிறகு வரட்டும்.