மாமா, நீங்க ஏன் இஏவை இவ்வளவு திட்டுறீங்க?

அக்கா பையன் கேட்ட கேள்வி இது. இஏ என்றால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், கேம் செய்து விற்கும் அமெரிக்க கம்பெனி. 2025 அக்டோபரில் அவர்களுடைய துப்பாக்கிச் சண்டை கேம் பேட்டில்ஃபீல்டு 6 வருவதற்கு முன்பே காசு கட்டிவிடலாமா என்று கேட்டான். ஒரு மாசம் பொறுடா, வந்தபிறகு பார்த்து வாங்கு என்றேன். அவன் கேட்கவில்லை, வாங்கினான், கேம் நன்றாகவே இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னை ஓட்டுகிறான். சரி, ஓட்டட்டும். ஆனால் அதற்கு முந்தைய பேட்டில்ஃபீல்டு 2042 எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. 2021இல் முழு விலைக்கு விற்ற கேம், அதில் யார் எத்தனை பேரைச் சுட்டார் என்று காட்டும் வழக்கமான ஸ்கோர்போர்டு கூட இல்லாமல் வந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் சாம்பாரைத் தரையில் ஊற்றிய மாதிரி.

அவனுக்கு வாயால் சொன்ன பதில் பாதியில் நின்றுவிட்டது, அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கேம் விளையாடித்தான் நான் வளர்ந்தேன். நீட் ஃபார் ஸ்பீடு, ஃபிஃபா, எல்லாவற்றுக்கும் மேலே கிரிக்கெட் 07. 2006 கடைசியில் வந்த கேம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடினோம், அப்புறம் யாரோ ஒருவன் சிடி கொண்டுவந்தான். (ஒரிஜினல் சிடியா என்று யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம். அந்த விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை.) அதற்குப் பிறகு இஏ கம்ப்யூட்டருக்கு கிரிக்கெட் கேமே போடவில்லை. ஆனாலும் அந்த கேம் சாகவில்லை. யார் யாரோ முகம் தெரியாத பையன்கள் வருடா வருடம் உட்கார்ந்து புது ஜெர்சி, புது மைதானம், புது வீரர்கள் என்று பேட்ச் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐபிஎல் தொடங்கியது 2008இல், கேம் வந்தது அதற்கு முன்னால். ஆனால் அதில் ஐபிஎல் ஆடலாம், சென்னைக்காக இறங்கலாம்.

இது ஏன் நடக்கிறது? அந்த கேமுக்கு யாருடைய சர்வரும், அதாவது இணையத்தில் கம்பெனி ஓட்டும் கம்ப்யூட்டரும், தேவையில்லை. இஏ அதை மறந்துவிட்டது, மறந்ததால்தான் பிழைத்தது.

இதற்கு நேர் எதிரான கதை இஏவின் சிம்சிட்டி. 2013 மார்ச்சில் வந்தது. நகரம் கட்டும் விளையாட்டு, தனியாக உட்கார்ந்து ரோடு போட்டு, வீடு கட்டி, குப்பை எங்கே கொட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் விளையாட்டு. அதற்கும் எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்றார்கள். வெளியான அன்றே சர்வர் படுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், தங்கள் சொந்த கம்ப்யூட்டருக்குள் நுழைய. சர்வரின் பாரத்தைக் குறைக்க, நேரத்தை வேகமாக ஓட்டும் ‘சிறுத்தை’ வேகத்தையே கேமிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். அமேசான் கொஞ்ச காலம் அதன் டவுன்லோட் விற்பனையை நிறுத்தியது.

ஆஃப்லைனில் ஆட விடுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்தான் முக்கியம். கணக்கீட்டில் கணிசமான பங்கு எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, பெரிய அளவில் இன்ஜினியரிங் வேலை பார்க்காமல் அதை மாற்ற முடியாது என்றார்கள். கேம் வந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, ஒரு மாடர், அதாவது கேமைத் தானே பிரித்து மாற்றிப் பார்க்கும் ரசிகர், அதை இணைய இணைப்பு இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டார். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், இஏவே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. இடையில் சமாதானத்துக்கு என்று ஒரு பட்டியல் நீட்டி, அதிலிருந்து ஒரு கேம் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் சிம்சிட்டி 4 இருந்தது, பத்து வருடப் பழைய கேம், இணையமே கேட்காமல் ஓடும் கேம். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். 2015 மார்ச்சில் அதைச் செய்த மேக்சிஸின் எமரிவில் ஸ்டூடியோவை மூடினார்கள். அதே மாதம், சில நாள் கழித்து, சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்று ஒரு சின்ன ஸ்டூடியோவின் கேம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

கேம் மோசமாக வந்ததற்கு நான் கோபப்படவில்லை. யாருக்கும் கேம் சொதப்பும். “முடியாது” என்று சொன்னது, அப்புறம் முடிந்தது, அதுதான் என் பிரச்சினை. இந்த கம்பெனி முடியாது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ‘நீங்கள் இன்னும் போதுமான அளவு கத்தவில்லை’ என்று அர்த்தமா?

அடுத்து இஏவின் இன்னொரு கேம், ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2. 2017 நவம்பர். ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடராக ஆட வேண்டும் என்றால் கேமுக்குள் 60,000 கிரெடிட் (ஆடிச் சம்பாதிக்கும் கேம் காசு) சேர்க்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆட வேண்டும் என்று ரெடிட் என்ற இணைய மன்றத்தில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார், ஏறக்குறைய 40 மணி நேரம் வந்தது. ஒரு ஆளுக்கு மட்டும். 80 டாலர் கொடுத்து வாங்கியும் வேடர் பூட்டியா இருக்கிறார் என்று ஒருவர் புலம்ப, இஏ தரப்பிலிருந்து பதில் வந்தது: கஷ்டப்பட்டுத் திறந்தால்தான் பெருமையும் சாதித்த உணர்வும் கிடைக்கும் என்கிற மாதிரி. அந்தப் பதிலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேலே எதிர் ஓட்டு விழுந்து கின்னஸ் வரை போனது, எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள். அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 60,000ஐ 15,000 ஆக்கினோம், முக்கால்வாசி குறைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஆனால் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் கிரெடிட்டையும் 20,000இலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் முக்கால்வாசி!

தீபாவளிக்கு முன்னால் விலையை ஏற்றி எழுதி, அதில் பாதி தள்ளுபடி போர்டு மாட்டும் துணிக்கடையைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வெளியாவதற்கு முந்தின நாள், கேமுக்குள் நிஜக் காசு கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்தினார்கள். மறு வருடம் முழு முறையையும் மாற்றி, உடை அலங்காரத்துக்கு மட்டும் காசு என்று ஆக்கினார்கள். அதன்பிறகு அது உண்மையிலேயே நல்ல கேம் ஆனது, நான் நிறைய ஆடியிருக்கிறேன். அப்படியென்றால் முதலிலேயே அப்படிச் செய்திருக்க முடியும்தானே?

லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே கேமுக்குள் வாங்கும் பெட்டி, அந்த விஷயத்தில் இந்தக் கதை இன்னும் பச்சையாகத் தெரியும். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18இல் விற்கும் இந்த மாதிரி பேக்குகள் எங்கள் சட்டப்படி சூதாட்டம் என்றது. இல்லவே இல்லை என்று இஏ மாதக்கணக்கில் நின்றது. 2019 ஜனவரியில், வேறு வழியில்லாமல், அந்த நாட்டில் பேக் வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பதை நிறுத்தியது. அதே வருடம் ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, அதை நாங்கள் லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, ‘சர்ப்ரைஸ் மெக்கானிக்ஸ்’ என்போம், கிண்டர் முட்டை மாதிரி என்றார் இஏ அதிகாரி. பெட்டிக்கடையில் எட்டணாவுக்குப் பரிசு அட்டை கிழித்த தலைமுறை நாங்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால் கடைக்கார அண்ணன் சிரிப்பார், ஆனால் அவர்கூட அதை ஆச்சரியம் என்று சொன்னதில்லை. லாட்டரியை 2003இலேயே தடை செய்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கும்போது காது கூசுகிறது.

இதே பேக்குகளுக்காக நெதர்லாந்தில் இஏ மீது போட்ட அபராதத்தை 2022இல் அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது, அது சூதாட்டம் இல்லை என்றும் சொன்னது, அதையும் சொல்ல வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் காசு எவ்வளவு என்று பாருங்கள்: 2021 மார்ச்சில் முடிந்த ஒரே நிதியாண்டில் இந்த பேக்குகள் விற்கும் அல்டிமேட் டீம் என்ற பகுதி வழியாக மட்டும் 162 கோடி டாலர். கேம் விற்ற காசு தனி. இவ்வளவு வரும் குழாயை யார்தான் தானாக மூடுவார்கள்?

கேம் செய்வதற்குச் செலவு ஏறிவிட்டது, விலை மட்டும் ரொம்ப காலம் 60 டாலரிலேயே நின்றது, எங்கேயாவது எடுக்கத்தானே வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்வார். நியாயமான பேச்சுதான். அதை நேராகச் சொன்னால் நான் கூட கேட்பேன். பெருமை, சாதனை, ஆச்சரியம் என்று பெயர் வைத்து விற்காதே என்பதுதான் என் கோரிக்கை.

மூடிய ஸ்டூடியோக்களைப் பற்றி எழுதினால் இரங்கல் பக்கம் ஆகிவிடும். புல்ஃப்ராக், வெஸ்ட்வுட், ஆரிஜின், பான்டெமிக். வாங்கினார்கள், சில வருடம் வைத்திருந்தார்கள், மூடினார்கள். இதே கம்பெனியை 1982இல் தொடங்கியபோது ட்ரிப் ஹாக்கின்ஸ் கேம் செய்பவர்களைக் கலைஞர்கள் என்றார், இசைத்தட்டு உறை மாதிரி அட்டை போட்டு அவர்கள் பெயரை முன்னால் வைத்தார். பெயரிலேயே கலை இருக்கிறது பாருங்கள்.

நல்லது செய்ததையும் மறைக்கக்கூடாது. வெஸ்ட்வுட்டின் கமாண்ட் அண்ட் கான்கர் கேம்களை 2020இல் அழகாகப் புதுப்பித்து வெளியிட்டார்கள், அந்தப் பழைய ஆட்கள் சிலரையே கூட்டிவந்து. கேமின் மூல நிரலான சோர்ஸ் கோடையும் திறந்துவிட்டார்கள், 2025இல் அதே வரிசையின் ஜெனரல்ஸ் உட்பட இன்னும் சிலதையும். அதாவது ரசிகர்கள் கையில் சாவியைக் கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை.

நம் ஆட்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2012இலும் 2013இலும் கன்ஸ்யூமரிஸ்ட் என்ற நுகர்வோர் தளம் நடத்திய ஓட்டெடுப்பில் அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி என்று இஏவைத் தேர்ந்தெடுத்தார்கள், இறுதிச் சுற்றில் தோற்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டுக்கடன் நெருக்கடியில் ஜனங்கள் வீடு இழந்து நின்ற காலம் அது! ஒரு கேமின் கதை முடிந்த விதம் பிடிக்கவில்லை என்ற கோபம் வீடு போன கோபத்தை ஜெயித்தது கேவலம். ஊழியர்களுக்கு மிரட்டல் அனுப்புகிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். அப்புறம், திட்டிக்கொண்டே முன்பதிவு செய்வதும் நாம்தான், அதனால்தான் அவர்களுக்குப் பயமில்லை.

இப்போது நிலைமை இன்னும் மாறுகிறது. 2025 செப்டம்பரில் சவூதியின் பொது முதலீட்டு நிதி, சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், டிரம்ப் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி மூன்றும் சேர்ந்து இஏவை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. அதில் 2,000 கோடி கடன். அந்தக் கடனை யார் அடைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வட்டி கட்டுகிற கம்பெனிக்கு பேக் விற்கிற கை இன்னும் நீளும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆந்தம் ஞாபகம் இருக்கிறதா? இஏவின் பயோவேர் ஸ்டூடியோ செய்தது, 2019இல் வந்தது, இரும்பு உடுப்பில் பறக்கிற கேம், பறப்பது மட்டும் அத்தனை சுகம். 2026 ஜனவரி 12ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். தனியாகக்கூட இனி ஆட முடியாது. அட்டைப் பெட்டியோடு டிஸ்க் வாங்கி வைத்திருப்பவர் அதைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆஃப்லைன் வழி ஒன்று கொடுக்க முடியாதா என்றால்... சிம்சிட்டிக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பையன் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பேட்டில்ஃபீல்டு பற்றி மறுபடி ஓட்டுவான், ஓட்டட்டும். கிரிக்கெட் 07 போட்டு அவனை ஐந்து ஓவரில் சுருட்டலாம் என்று இருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய ஐபிஎல் பேட்ச், அதில் ஓய்வு பெற்றவர்களெல்லாம் இன்னும் பந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த சீசன் அணிகள் உள்ள பேட்ச் யாரிடமாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள்.