சாப் மேல எழுதிக் கொடுக்கலாமா, மாமா?

2019 பொங்கலுக்கு அக்கா மகன் ஊருக்கு வரவில்லை. லீவ் கிடைக்கவில்லையாம். பட்டாளத்துக்காரன் வீட்டில் இது செய்தியே அல்ல. நானும் எத்தனையோ பொங்கலை லங்கர் (பட்டாளத்துச் சமையலறை) சாதத்தோடு முடித்தவன்தான். ஆனால் காணும் பொங்கலன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அவனே போன் போட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான். பாரக்குக்கு வெளியே வந்து நின்று பேசுகிறான் என்று தெரிந்தது.

"மாமா, எங்க ஓ.சி. சாப் மேல எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

ஓ.சி. என்றால் அவனுக்கு மேலே இருக்கிற அதிகாரி. மேலே இருப்பவரை நாங்கள் 'சாப்' என்போம். 26 வருஷம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். மனு எழுத என்னை விட்டால் அவன் யாரைக் கேட்பான்?

(அவன் இப்போது வேறு இடத்தில் இருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எந்த யூனிட், எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

விஷயம் இதுதான். அவன் டிரைவர். சாபுடைய குடும்பம் பிள்ளை படிப்புக்காகச் சொந்த ஊரில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி சாபை ஜிப்சியில் ஏற்றிக்கொண்டு டவுனில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். சாப் உள்ளே போய்விடுவார். இவன் குளிரில் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பான். திரும்பும்போது குடித்திருப்பார். "அந்த வீட்ல இருக்கிறது மேம்சாப் இல்ல மாமா" என்றான். மேம்சாப் என்றால் சாபின் மனைவி.

எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒன்றுதான் கேட்டேன். "சாப் உனக்குப் பொங்கல் லீவ் கொடுத்திருந்தா இன்னைக்கு இந்த போன் வந்திருக்குமா?"

பதில் இல்லை. பின்னால் ஏதோ லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவனைக் குறை சொல்லவில்லை. மேலதிகாரி மேல் வருகிற கோபமும் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் ஒரே நாளில்தான் வருகின்றன. நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் மனுவைப் படிக்கிறவர் இரண்டாவது பத்தியிலேயே பிரித்துவிடுவார். என் மேஜைக்கு வந்த மனுக்களில் நானே பிரித்திருக்கிறேன். "சாப் குடிக்கிறார், தப்பான இடத்துக்குப் போகிறார்" என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில் "எனக்கு மட்டும் லீவ் மறுக்கப்பட்டது" என்று வந்து நிற்கும். அதோடு அந்த மனுவின் ஆயுசு முடிந்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பது முக்கியம். பலர் படித்ததே இல்லை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுதான் அதிகாரி அல்லாத ஒரு சிப்பாய்க்குப் புகார் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கம்பெனியில் (படையின் ஒரு சிறு அணி) இருந்தால் கம்பெனி கமாண்டரிடம் கொடுக்க வேண்டும். புகாரே அவர் மேல் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் கொடுக்கலாம். அதுவரை சரி. ஆனால் அந்த உரிமை யாருக்கு? தனக்கு அநீதி நடந்ததாகக் கருதுகிறவனுக்கு. அந்தச் சொல்லைக் கவனியுங்கள், 'தனக்கு'. ஊரில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று காவல் பார்க்கிறவனுக்காக அந்தப் பிரிவை எழுதவில்லை.

அடுத்து 56-ஆவது பிரிவு. பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டினால் 5 வருஷம் வரை சிறை. புகார் மனுவில் முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்தாலும் அதே பிரிவுதான். அதாவது சாப் அந்த வீட்டுக்குப் போனார் என்று எழுதுகிறவன், வண்டி ஓட்டியது தான்தான் என்பதையும் எழுதியாக வேண்டும்.

அப்போது அவன் கேட்டான்: "அதான் கோர்ட்டே தப்பில்லைன்னு சொல்லிடுச்சே மாமா, அப்புறம் எழுதினாலும் என்ன ஆகும்?" பிறர் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிச் சில மாதங்களே ஆன சமயம் அது. பாரக்கில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அப்போதே சந்தேகம். ராணுவத்தில் இதற்கு 497 தேவையே இல்லை. பதவிக்குத் தகாத நடத்தைக்கு 45-ஆவது பிரிவு இருக்கிறது. எதிலும் அடங்காததை அள்ளிப்போட 63 இருக்கிறது. 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதைத் தெளிவுபடுத்திவிட்டது: 2018 தீர்ப்பு ராணுவச் சட்டங்களைப் பற்றியது அல்ல, ராணுவம் தன் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம்.

ராணுவத்தின் குற்றப்பத்திரிகையில் இதற்கென்று ஒரு பழைய சொல்வழக்கு உண்டு: சகோதர அதிகாரியின் (அதாவது சக அதிகாரியின்) மனைவியின் அன்பைத் திருடியது. முதல் தடவை டைப் அடித்தபோது சிரிப்பு வந்தது, சினிமாப் பாட்டு வரி மாதிரி. அப்புறம் உறைத்தது. திருட்டு என்றால் பொருளுக்குச் சொந்தக்காரன் வேண்டும் அல்லவா? அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அந்த வரியில் இடமே இல்லை. ஜவானின் மனைவிக்கும் இடமில்லை. அவளுக்கு வேறு பிரிவு, வேறு வார்த்தை.

ஜவானின் மனைவி என்றதும் என் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. அதை இதுவரை அக்கா மகன் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

1994. வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷன் (சண்டை இல்லாத முகாம்). நான் ஹவில்தார், கம்பெனி ஆபீஸ் கிளார்க். யார் வெளியே டூட்டிக்குப் போக வேண்டும் என்பதற்கு ரோஸ்டர் உண்டு, சி.எச்.எம். (கம்பெனி ஹவில்தார் மேஜர்) பராமரிப்பார். அவரவர் முறை வரும்போது பெயர் வரும், நான் மூவ்மென்ட் ஆர்டர் (பயண உத்தரவு) அடிப்பேன். எங்கள் கம்பெனியில் ஒரு நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழ்), ஃபேமிலி குவார்ட்டர்ஸில் மனைவியோடு இருந்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவன் பெயர் மட்டும் ரோஸ்டரில் வராது. கம்பெனி கமாண்டரிடமிருந்து பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டில் வரும். ஏழு மாதத்தில் நான்கு தடவை. பத்து நாள், பதினைந்து நாள், ஒரு தடவை மூன்று வாரம்.

முதல் இரண்டு தடவை எதுவும் தோன்றவில்லை. நல்ல ஆள், சாபுக்குப் பிடிக்கும்போல என்று நினைத்தேன். மூன்றாவது சீட்டு வந்தபோது கார்பன் பேப்பரைச் செருகிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பழைய ஃபைலை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். நான்காவது சீட்டு வந்தபோது, குவார்ட்டர்ஸ் பக்கம் மற்ற வீட்டுப் பெண்கள் பேசுவது என் காதுக்கும் வந்திருந்தது.

நான் கண்ணால் பார்த்தது அந்தச் சீட்டுகளை மட்டும்தான். அவை பொய் இல்லை. மற்றதெல்லாம் பேச்சு. அந்தப் பெண் விரும்பினாளா, பயந்தாளா, அப்படி ஒன்றும் நடக்கவே இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சீனியர் ஜே.சி.ஓ. (ஹவில்தாருக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே உள்ளவர்) சாபிடம் போனேன். தப்பு சரி எல்லாம் பேசவில்லை, "ரோஸ்டர் தவறுகிறது சாப்" என்று மட்டும் சொன்னேன். அவர் பைப் தண்ணீரில் பூட்ஸ் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "பாபு, உன் வேலை டைப் அடிக்கிறது" என்றார் இந்தியில். அவ்வளவுதான். நான்காவது ஆர்டரையும் அடித்தேன். மூன்று காப்பி.

ஏன் யூனிட் தலைவரான சி.ஓ.விடம் போகவில்லை? ஏ.சி.ஆர். (மேலதிகாரி வருஷா வருஷம் நம்மைப் பற்றி எழுதும் ரகசிய அறிக்கை) பயம் ஒன்று. ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதார் ஆக வேண்டிய காலம், என் ஏ.சி.ஆர். எழுதுவது அதே கம்பெனி கமாண்டர் சாப். இன்னொரு பயம், நாயக்குக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது. கோத்தில் (ஆயுத அறை) ரைஃபிள் இருக்கிறது, கார்டு டூட்டியில் ரவுண்டு (தோட்டா) இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்லி, அவன் அதை எடுத்துக்கொண்டு போய் யாரையாவது சுட்டுவிட்டால்? இந்த இரண்டாவது பயத்தைத்தான் பல வருஷம் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். முதல் பயம்தான் பெரியது.

நாயக் அந்த வருஷக் கடைசியில் மனைவியை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற பேப்பரையும் நான்தான் அடித்தேன். சாப் போஸ்டிங்கில் போனார். 1997-ல் எனக்குப் பிரமோஷன் வந்தது. அதற்காகப் பார்த்த ஏ.சி.ஆர்.களில் இரண்டு அவர் எழுதியவை. நன்றாகத்தான் எழுதியிருப்பார்.

பிரமோஷன் சந்தோஷத்தில் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன் எல்லோருக்கும். அந்த நாயக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

அந்த விஷயத்தில் எனக்கிருந்த வேலை சாபின் கட்டிலைப் பற்றி எழுதுவது அல்ல. நான்கு தேதிகளையும் ரோஸ்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இந்த ஆளின் முறை இது இல்லை" என்று பெயர் போட்டு ஒரு தாள் எழுதுவது. அல்லது குறைந்தது, அநீதி நடந்தது யாருக்கோ அவனிடம் "ரோஸ்டரைப் பார்த்துக் கேள்" என்று சொல்வது. அவனுக்குத்தான் 26-ஆவது பிரிவு இருந்தது. அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு மேலதிகாரி தன் வீட்டில், தன் நேரத்தில், தன் காசில் கெட்டுப்போனால் அது எனக்கு வருத்தம், அவ்வளவுதான். அதற்காகத் தன் பென்சிலை, தன் கையெழுத்தை, அரசாங்க வண்டியை எடுத்தாரென்றால் அது சொந்த விஷயமாக இருப்பது அந்த இடத்தில் நின்றுபோகிறது. 'ராணுவத்தின் மானம் போகும், வெளியே சொல்லாதே' என்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மாதா மாதம் எல்லோரையும் கூட்டி வைக்கிற சைனிக் சம்மேளனத்தில் சி.ஓ. சாப் "கோயீ பாயிண்ட்?" (ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?) என்று கேட்பார். நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்போம், ஒரு கை உயராது. "பகுத் அச்சா" (ரொம்ப நல்லது) என்று முடியும். அந்த அமைதிக்குப் பெயர் மானம் இல்லை.

வீடியோ போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ் சாப்பாட்டைப் பற்றிப் போட்ட வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது, ஏப்ரலில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் உள்துறையின் கீழ் இருந்தவர், ராணுவம் அல்ல. ஆனாலும் வீடியோ வந்த அந்த ஜனவரியிலேயே அப்போதைய ராணுவத் தளபதி பிபின் ராவத் ராணுவத்தில் புகார்ப் பெட்டிகள் வைப்பதாக அறிவித்தார். சோசியல் மீடியாவுக்குப் போனால் தண்டனை என்றும் சொன்னார். சாப்பாட்டு விஷயத்தில் தட்டையாவது காட்டலாம். இந்த விஷயத்தில் வீடியோவில் என்ன காட்டுவாய்? அந்த வீட்டுக் கதவையா? சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் முகம் ஊரெல்லாம் சுற்றும்.

மொட்டைக் கடிதமும் வேண்டாம் என்றேன். பெயரில்லாத புகாரின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்பது அரசாங்கத்தின் பொது விதி. ஆனால் எழுதியது யார் என்று கண்டுபிடிக்க மட்டும் எல்லோரும் அலைவார்கள்.

ஆக, அன்று ராத்திரி அவனிடம் "எழுதாதே, லீவுக்குத் தனியா மறுபடி அப்ளிகேஷன் போடு" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று இருந்தது. விடியற்காலையில்தான் பிடிபட்டது. பி.டி. (காலை உடற்பயிற்சி) முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வண்டி எங்கே, எத்தனை கிலோமீட்டர் போனது என்று டிரைவர் எழுதி வைக்கிற கார் டைரியைப் பற்றிக் கேட்க.

"டேய், கார் டைரியில என்ன எழுதுற?"

"சாப் சொல்றதைத்தான் மாமா. லயசன் டூட்டி, பிரிகேட் ஹெட்குவார்ட்டர்ஸ்னு. அவர் கையெழுத்துப் போடுவார்."

"கிலோமீட்டர்?"

"அதையும் அதுக்கு ஏத்த மாதிரி..."

எனக்கு அந்தப் பென்சில் சீட்டுகள்தான் கண் முன்னால் வந்தன. அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதுவது 57-ஆவது பிரிவு, 14 வருஷம் வரை சிறை. விசாரணை என்று வந்தால் முதலில் பார்ப்பது டைரியில் இருக்கிற கையெழுத்தை அல்ல, எழுதிய கையை. ராத்திரி நான் கொடுத்த புத்திமதி பாதி தப்பு. சாப் எங்கே போகிறார் என்பது அவனுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். தன் பேனாவால் அவன் என்ன எழுதுகிறான் என்பது அவனுக்குத்தான் சம்பந்தம். 'தனக்கு' அநீதி நடந்த இடம் அதுதான், பொங்கல் லீவ் அல்ல.

"மனுவெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றேன். "அடுத்த தடவை போற இடத்தை அப்படியே எழுது. மீட்டர் என்ன காட்டுதோ அதைப் போடு. யார் வீடுன்னு எழுதாதே, குடிச்சார்னு எழுதாதே. இடம், நேரம், கிலோமீட்டர். எழுதிட்டு எப்பவும்போல நீட்டு."

"சாப் திட்டினா?"

"வேற என்ன எழுதணும்னு அவர் கையாலயே எழுதித் தரச் சொல்லு. மரியாதையா கேளு."

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். என் ஏ.சி.ஆரைக் காப்பாற்றிக்கொண்டவன், இன்னொருவன் பிள்ளையின் ஏ.சி.ஆரில் வீரம் காட்டுகிறேனோ என்று. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து போன் வந்தது. டவுன் பெயரும் 41 கிலோமீட்டரும் எழுதி டைரியை நீட்டினானாம். சாப் டார்ச் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. கையெழுத்தும் போடவில்லை. டைரியை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அந்த ஜிப்சிக்கு வேறு டிரைவர். இவனைத் தண்ணி டேங்கர் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

"புது டிரைவர் யாருடா?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துப் பையன்தான் மாமா. சர்வீஸ்ல சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவன்கிட்ட டைரி விஷயத்தைச் சொல்லிட்டேன்" என்றான்.