கையெழுத்துப் போட்டால் நகை போய்விடாது

மேலே ஒரு அண்ணன், "விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே நகைக்கும் ஜீவனாம்சத்துக்கும் முழுக்குதான், சிநேகிதிகள் ஏற்றிவிடுவதை நம்பாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். தப்பு, அண்ணா. இதை நம்பி எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்களோ.

பிறந்த வீட்டில் போட்ட நகை ஸ்ரீதனம். அது முழுக்க மனைவிக்கே சொந்தம் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவளுடையதுதான். ஜீவனாம்சம்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144) 'மனைவி' என்றால் விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் சேர்த்தி. சொந்தக் காலில் நிற்க வருமானம் இல்லையென்றால் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பரஸ்பர சம்மத மனுவில் (இருவரும் ஒத்துக்கொண்டு போடும் விவாகரத்து மனு) "இனி எதுவும் கோரமாட்டேன்" என்று ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் இழுபறி.

சிநேகிதி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் நகைக்கடை ரசீது ஒன்றுகூட இல்லை. கூடப் படித்தவள் கல்யாண ஆல்பத்தைத் தரையில் விரித்து, "இது உங்க அத்தை போட்ட நெளி மோதிரம், இந்த ஆரம் அம்மாவோடது" என்று போட்டோ போட்டோவாகப் பார்த்து நோட்டில் எழுதினாள். வக்கீல் முதலில் கேட்டதே அந்தப் பட்டியலைத்தான். அவள் என்னை ஏற்றிவிட்டது இவ்வளவுதான், அண்ணா.