பிராங் பெசார் இருந்த இடத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்கு அழைத்துப் போனேன். செர்டாங்கில் எம்ஆர்டி ஏறினால் கடைசி நிலையம் புத்ராஜெயா சென்ட்ரல். 2023 மார்ச்சில் ரயில் அங்கே வரைக்கும் போக ஆரம்பித்ததிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நாளை, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டது நான்தான். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. அவர் பிறந்து, பால் மரம் என்று நாங்கள் சொல்கிற ரப்பர் மரம் வெட்டி, எங்களைப் பெற்று வளர்த்த மண் அது. அன்றைக்கு அதன் பெயர் பிராங் பெசார் தோட்டம்.

இந்தப் பெயரே இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. என் மகளுக்கும் போன வாரம் வரை தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. மலாய்மொழியில் 'பெராங் பெசார்' என்றால் பெரும் போர். நம் ஆட்கள் வாயில் அது பிராங் பெசார் ஆகிவிட்டது. அங்கே ரப்பர் ஆராய்ச்சியும் பெரிய அளவில் நடந்தது. கேரளாவிலோ கன்னியாகுமரியிலோ ரப்பர் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிபி 86, பிபி 260 என்று ரகங்களின் பெயர் சொல்வார்கள். அந்த 'பிபி' எங்கள் தோட்டத்தின் பெயர்தான். உலகமெங்கும் எத்தனையோ நாட்டில் அந்த மரங்கள் நிற்கின்றன. பெயர் வந்த இடத்தில் தோட்டம் இல்லை.

கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை, அரசாங்க அலுவலகங்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றைய பிரதமர் மகாதீரின் அரசாங்கம் முடிவெடுத்தது. பல இடங்களைப் பார்த்துவிட்டு 1993இல் எங்கள் மண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். கோலாலம்பூருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர், விமான நிலையத்துக்குப் போகும் வழி. 1995இல் வேலை தொடங்கி, 1999இல் பிரதமர் அலுவலகமே குடிவந்துவிட்டது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரித்து, மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கூட்டரசுப் பிரதேசமாக அறிவித்தார்கள். நாட்டின் தலைநகரம் என்ற பெயரும் மாமன்னரின் அரண்மனையும் நாடாளுமன்றமும் இன்றும் கோலாலம்பூரில்தான். நிர்வாகமும் கூட்டரசு நீதிமன்றமும் இங்கே. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரைத்தான் நகரத்துக்கு வைத்தார்கள்.

நகரத்தைக் குறை சொல்வதற்காக எழுத உட்காரவில்லை. அந்த ஏரியை எனக்கு மனசாரப் பிடிக்கும். சுவாவ் ஆற்றைத் தடுத்து உண்டாக்கிய ஏரி, சுமார் 400 ஹெக்டர். மேலே இருந்து வருகிற தண்ணீரில் உரமும் ஊர்க் கழிவும் கலந்திருக்கும் என்று தெரிந்து, ஏரிக்கு முன்னாலேயே 24 பாத்திகளாக ஈரநிலம் அமைத்தார்கள். நாணலும் கோரையும் அடர்ந்த ஒரு பாத்தியில் தேங்கி, அழுக்கை அங்கே விட்டுவிட்டு, அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் தெளிந்த தண்ணீர் ஏரிக்குப் போகிறது. மருந்து போட்டு, இயந்திரம் வைத்துச் செய்கிற வேலையைச் செடிகள் செய்கின்றன. வெப்பமண்டல நாட்டில் இப்படி ஒன்றை யோசித்தவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும்.

நடுச்சாலைதான் எனக்கு ஒட்டவில்லை. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 100 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் அமைச்சுக் கட்டடங்கள். காரில் போனால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. இறங்கி நடந்தால் பத்தாவது நிமிடம் அம்மா நிழல் தேடினார். ஒரு தேநீர்க் கடை கண்ணில் படவில்லை. மோனோரயிலுக்கென்று கட்டிய தொங்குபாலம் இத்தனை வருடமாகியும் ரயில் பார்க்காமல் நிற்கிறது. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழ்வார்கள் என்று போட்ட திட்டத்தில் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி இருப்பவர்கள் சுமார் 1,09,000 பேர். வேலை முடிந்தால் பலர் வெளியூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

என் மனசில் பல வருடமாகக் கிடப்பது வேறு விஷயம். பிராங் பெசார், மெடிங்லி, செஜ்லி, கேலவே என்று நான்கு தோட்டங்களில் சுமார் 400 குடும்பங்கள் இருந்தோம். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பேர் இருக்கிறவரை லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இடம். மூன்று தலைமுறை இருந்தாலும் ஓர் அடி மண் நம் பெயரில் கிடையாது. நிலத்துக்கு இழப்பீடு என்று வந்தபோது அது நிலம் வைத்திருந்தவர்களுக்கு. நகரத்தின் வரைபடத்தில் நாணலுக்கு இடம் இருந்தது, வந்து போகிற பறவைக்கு இடம் இருந்தது. அந்த மண்ணிலேயே வேலை செய்தவர்களுக்கு நகரத்தின் 20 பிரசிண்டில் (வட்டாரத்தில்) ஒரு மூலை ஒதுக்கவில்லை. எங்களை எல்லைக்கு வெளியே டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அங்கே குடிபோன சில வருடத்திலேயே எங்கள் வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். மழை பெய்தால் அம்மா கட்டிலை நகர்த்திப் போடுவார். கோழி வளர்த்து, கொல்லையில் கீரை போட்டுப் பழகியவர், மூன்றாவது மாடியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை.

ஆந்திராவில் புதிய தலைநகரான அமராவதிக்கு நிலம் சேர்த்தபோது, நிலம் கொடுத்த விவசாயிக்கு நகரத்துக்குள்ளேயே மனை திரும்பக் கிடைக்கும் என்று திட்டம் போட்டார்கள். அதே வயலில் கூலி வேலை செய்த நிலமில்லாத குடும்பத்துக்கு மாதாந்திர உதவித்தொகை. பத்திரம் வைத்திருந்தவருக்கு நகரத்தில் பங்கு, உழைப்பை மட்டும் கொடுத்தவருக்குக் கைச்செலவுக்குக் காசு. படித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் கண்முன் வந்தது.

ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கிராப் வாடகைக் கார் பிடித்துப் பிரசிண்ட் 16க்குப் போனோம். அங்கே வேளாண் பாரம்பரியப் பூங்கா இருக்கிறது. பழ மரங்கள், கொக்கோ, செம்பனை, அவற்றோடு ரப்பர் மரங்கள். அம்மா ரப்பரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நேராகப் போய் நின்றார். பட்டையில் கையை வைத்து, வெட்டு இறங்குகிற வாட்டத்தைப் பெருவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"யாரு வெட்டினதுய்யா இது? இவ்வளவு ஆழமா போட்டிருக்கு. மரத்துக்குக் காயம் பட்டா பால் எங்கேருந்து வரும்? எங்க கிராணியா இருந்தா அரைப்பேர்தான் போட்டிருப்பாரு."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. சொல்லிக்கொண்டே வெட்டின் ஓரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நகத்தால் நிமிண்டி, நாடா மாதிரி ஒரே இழுப்பில் உரித்தார். பால் பிடிக்கிற மங்கு காலியாக இருந்தது. அதைத் திருப்பி, உள்ளே இருந்த சருகைத் தட்டிவிட்டு, சரியாக வைத்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மரம் வெட்டாத கை அது. பூங்காவுக்கு வந்திருந்த இரண்டு மலாய்ப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து நிற்க, அம்மா தோட்டத்து மலாயில் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போவது, வெயில் ஏறுமுன் வெட்டி முடிப்பது, மழை வந்தால் அன்றைய பால் போச்சு. "பாட்டி எங்கே வேலை செய்தீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அம்மா காலால் தரையைத் தட்டி, "டி சினி" என்றார். இங்கேதான்.

அந்தப் பூங்காவிலாவது எங்கள் தோட்டத்தின் பெயரும், இங்கே வேலை செய்தவர்களின் கதையும் தாங்கிய ஒரு பலகை வேண்டும். ஏரிக்கரையில் எத்தனையோ பாதைகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் பிராங் பெசார் என்று பெயர் வைக்கலாம். இதைக் கேட்டு மனு எழுதத் தொடங்கிவிட்டேன். மனுவோடு வைக்கச் சான்றுகள் வேண்டும். அந்த நான்கு தோட்டத்தில் இருந்தவர்கள் வீட்டில் சம்பளச் சீட்டோ, கோயில் திருவிழாப் படமோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில் எடுத்த படமோ, தோட்டத்து முகவரி போட்ட பழைய அடையாள அட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், யாருடையது, எந்த லயம் என்றும் எழுதுங்கள். அம்மாவின் அட்டையை முதலில் வைத்திருக்கிறேன். ஓரம் கிழிந்துவிட்டது, முகவரி இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.