பார்வையாளரின் மேலங்கியைப் பற்றிக் கவலைப்பட்ட இயக்குநர்

நாடக இயக்குநர் ஒருவர் கலைவிழாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றால் அவருக்குள்ளிருக்கும் கலைஞர் சிறிது சிறிதாகத் தேய்ந்து, கடைசியில் கோப்புகளைப் பார்க்கும் நிர்வாகி மட்டுமே மிஞ்சுவார் என்ற புலம்பல் நாடகக்காரர்களிடையே பழையது. நானும் அதை நம்பியிருந்தவன்தான். பிரெஞ்சு இயக்குநர் ழான் விலாரின் வாழ்க்கையைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வந்ததில் அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. அவரை, தென்பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் நடக்கும் நாடக விழாவின் நிறுவனர் என்று அறிமுகப்படுத்துவதே வழக்கம், அது சரியும்கூட. ஆனால் நாடகம் தொடங்கும் நேரம், நுழைவுச்சீட்டின் விலை, வருகிறவர் தம் மேலங்கியை எங்கே வைப்பார் என்ற கேள்வி ஆகியவற்றையும் அவர் ஒத்திகையில் காட்டிய அதே கவனத்தோடு இயக்கினார் என்பதே என் பார்வையில் அவருடைய முதன்மையான சாதனை.

1912ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள ஸேத் என்னும் துறைமுக ஊரில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாக விலார் பிறந்தார். இருபது வயதில் பாரிசுக்கு வந்து, அக்காலத்தின் பெரிய நாடக ஆசான்களில் ஒருவரான ஷார்ல் துலானிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே மேடைப் பொறுப்பாளராகவும் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் சிறு பயணக்குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டார். 1945இல் டி. எஸ். எலியட்டின் ‘பேராலயத்தில் கொலை’ நாடகத்தைப் பாரிசில் மேடையேற்றியபோதுதான் அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இயக்குநர் என்பதற்குப் பிரெஞ்சில் வழங்கும் பெருமைமிக்க சொல்லை அவர் தமக்கு விரும்பியதில்லை. மேடைப் பொறுப்பாளரைக் குறிக்கும் ‘ரெழிஸ்ஸேர்’ என்ற எளிய சொல்லையே கடைசிவரை வைத்துக்கொண்டார். இது வெறும் அடக்கம் என்று நான் நினைக்கவில்லை. நாடகத்தை எழுதியவருக்கும் பார்க்க வந்தவருக்கும் இடையில் தம்முடைய இடம் எவ்வளவு என்பதைப் பற்றி அவருக்கு இருந்த உறுதியான கருத்து அது.

அவிஞ்ஞோன் விழா பிறந்த கதையில் திட்டமிடல் என்று பெரிதாக எதுவும் இல்லை. 1947இல், பாப்பரசர்களின் பழைய அரண்மனையில் இருந்த பெரிய தேவாலயக் கூடத்தில், கலை விமர்சகர் கிறிஸ்டியன் ஸெர்வோஸ் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதையொட்டி எலியட் நாடகத்தை அரண்மனையின் முற்றத்தில் போட முடியுமா என்று விலாரைக் கேட்டார்கள். கவிஞர் ரெனே ஷாரும் இதில் ஊக்கம் காட்டினார். விலார் முதலில் மறுத்துவிட்டார். அந்த நாடகத்தின் உரிமை அப்போது அவரிடம் இல்லை. முற்றமோ நாடகத்துக்குரிய வடிவமற்றதாக, அளவுக்கு மீறிப் பெரியதாக அவருக்குத் தோன்றியது. பிறகு அவரே திரும்பி வந்து, ஒன்றுக்குப் பதிலாக மூன்று புதிய தயாரிப்புகளைத் தருவதாகச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ அன்றைய பிரான்சில் பெரும்பாலோர் அறியாத நாடகம். மற்ற இரண்டில் ஒன்று போல் க்ளோதெலுடையது, இன்னொன்று மோரிஸ் க்ளாவெல் என்ற இளைஞருடையது. போரில் குண்டுவீச்சுக்கு ஆளான அந்த நகரத்தின் மேயர் டாக்டர் ழோர்ழ் போன்ஸ் கம்யூனிஸ்ட். அவருடைய நகராட்சி பணம் தந்தது. ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் மேடையைக் கட்டிக்கொடுத்தார்கள். செப்டம்பர் 4 முதல் 10 வரை ஒரு வாரம் நடந்த அந்த நிகழ்வுக்கு 4,800 பேர் வந்தார்கள் என்றும் அவர்களில் 2,900 பேர்தான் பணம் கொடுத்தவர்கள் என்றும் விழாவின் வரலாறு பதிவுசெய்கிறது. மீதி 1,900 பேர் இலவசமாகப் பார்த்தவர்கள். விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு புன்னகையை வரவழைக்கும்.

வடிவமில்லை என்று அவர் முதலில் ஒதுக்கிய முற்றமே அவருடைய பாணியைத் தீர்மானித்தது. அத்தனை உயரமான கற்சுவருக்கு முன்னால் எந்தக் காட்சியமைப்பை வைத்தாலும் பொம்மைவீடு போலத் தெரியும் என்பதால், வெற்று மேடை, அழுத்தமான நிறங்களில் உடைகள், ஒளி, நடிகரின் குரல் ஆகியவற்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். முன்திரை இல்லை, மேடை விளிம்பு விளக்குகளும் இல்லை. உடைகளை ஓவியர் லெயோன் கிஷியா வடிவமைத்தார். இசைக்கு மோரிஸ் ழார் இருந்தார். பின்னாளில் திரையிசைக்காக மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்ற அதே ழார்தான். அவர் அன்று எழுதிய எக்காள இசைதான் இன்றும் அம்முற்றத்தில் நாடகம் தொடங்கப்போவதை அறிவிக்கிறது. புகைப்படங்கள் எடுத்தவர் அன்யெஸ் வர்தா. அவர் பிறகு தம் முதல் திரைப்படத்தை விலாரின் சொந்த ஊரான ஸேத்தில், விலாரின் குழுவில் நடித்துவந்த ஃபிலிப் நுவாரேயை வைத்து எடுத்தார் என்பதைச் சினிமாப் பிரியர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1951 அவருடைய வாழ்க்கையில் திருப்பமான ஆண்டு. அன்று திரையுலகில் உச்சத்தில் இருந்த ழெரார் ஃபிலிப் அந்தக் கோடையில் அவிஞ்ஞோன் மேடையேறினார். கொர்னேயின் ‘சித்’, க்ளைஸ்டின் ‘ஹோம்பர்க் இளவரசன்’ இரண்டிலும் நாயகன் அவர்தான். அதே ஆண்டில் கல்வி அமைச்சகத்தில் நாடகத்துறைப் பொறுப்பிலிருந்த ழன் லொரான் என்ற அதிகாரி, பாரிசின் தேசிய மக்கள் அரங்கை விலாரிடம் ஒப்படைத்தார். ஃபிர்மேன் ழெமியே 1920இல் தொடங்கிய அந்த நிறுவனம் அப்போது பெயரளவிலேயே இருந்தது. ஷாயோ அரண்மனையில் சுமார் 2,800 பேர் அமரக்கூடிய அதன் அரங்கத்தை ஐக்கிய நாடுகள் சபை தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால், விலாரின் குழு பாரிசுக்கு வெளியே சுரேன் என்ற தொழிலாளர் புறநகரில் தொடங்க வேண்டியிருந்தது. அங்கே ‘சித்’தையும் இடதுசாரி ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்டின் ‘தாய் கரேஜ்’ நாடகத்தையும் போட்டார்கள். வார இறுதி முழுவதற்கும் ஒரே சீட்டு. அதற்குள் நாடகமும் இசையும் சாப்பாடும் நடிகர்களோடு பேச்சும் இரவு நடனமும் அடங்கும். இடம் கிடைக்காத நெருக்கடியிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடு பிறகு அவர்களுடைய வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஷாயோவுக்குத் திரும்பிய பிறகு அவர் செய்தவற்றைத்தான் நான் மீண்டும் மீண்டும் படிக்கிறேன். அக்காலப் பாரிஸ் நாடக அரங்குகளில் இருக்கைக்கு அழைத்துச் செல்லும் பணிப்பெண்ணுக்கு அன்பளிப்புக் கொடுத்தாக வேண்டும். மேலங்கியை வைக்கவும் காசு. நாடகத்துக்குப் பழக்கப்படாதவர் வாசலிலேயே இரண்டு முறை கூச்சப்பட நேரும். விலார் அன்பளிப்பைத் தடைசெய்தார். மேலங்கி வைக்கும் இடத்தை இலவசமாக்கினார். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் கடைசி ரயிலைப் பிடிப்பதற்காக நாடகத்தை முன்னதாகவே தொடங்கினார். வேலை முடிந்து நேரே வருகிறவர்களுக்காகக் கதவுகளைச் சீக்கிரம் திறந்து, உள்ளேயே மலிவான உணவுக்கும் ஏற்பாடு செய்தார். நாடகப் பிரதிகளைக் குறைந்த விலையில் அச்சிட்டு விற்றார். தொழிற்சாலைகளின் ஊழியர் குழுக்களோடு பேசிச் சீட்டுகளை மொத்தமாக அவர்களுக்குக் கொண்டுசேர்த்தார். பார்வையாளர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டார். தாமதமாக வந்தவர் எவராக இருந்தாலும் உள்ளே விடவில்லை. நடிகர்களின் பெயர்கள் அகரவரிசைப்படி அச்சாயின. ழெரார் ஃபிலிப்புக்கும் அதே வரிசைதான்.

தாமதமாக வந்தவரைப் பற்றி எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நானும் சில ஆண்டுகள் ஒரு சிறு நாடக விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை மேடையைத் தொடக் கூடாது என்று ஒருமுறை ஒன்றரை மணிநேரம் காத்திருந்தோம். அவர் வந்து, பொன்னாடைகள் முடிந்து, நாடகம் தொடங்கியபோது குழந்தைகளோடு வந்திருந்த குடும்பங்களில் பாதி போய்விட்டிருந்தன. அன்று மேடையில் நடந்தது நல்ல நாடகம். ஆனால் அந்த மாலையை யாருமே இயக்கவில்லை.

நாடகம் ஒரு பொதுச்சேவை என்றும், எரிவாயு, தண்ணீர், மின்சாரம் போலவே அது மக்களுக்கு வழங்கப்பட வேண்டியது என்றும் விலார் சொன்னதை மேற்கோள் காட்டாத பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சர் அரிது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, அவர் அதற்குக் கொடுத்த விலையை. மக்கள் அரங்கில் நட்டம் ஏற்பட்டால் இயக்குநர் தம் சொந்தப் பொறுப்பில் ஈடுகட்ட வேண்டும் என்பது அவருடைய ஒப்பந்தம். அவரை நியமித்த ழன் லொரான் மறு ஆண்டே அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ப்ரெக்டைப் போட்டதற்காக வலதுசாரிகள் விலாரைக் கம்யூனிஸ்ட் என்றார்கள். 1955இல் தத்துவவாதியும் நாடகாசிரியருமான சார்த்தர், இது மக்கள் அரங்கே அல்ல, இங்கே தொழிலாளர்கள் எங்கே என்று கேட்டார். சார்த்தரின் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலக ஊழியர்கள் வந்த அளவுக்கு ஆலைத் தொழிலாளர்கள் வரவில்லை. ஆனால் சுரேனுக்குப் போய் நாடகம் போட்டவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. மக்களைத் தேடிப் போகாதவர்களிடம் அதை எவரும் கேட்பதில்லை.

பிரான்சிடமிருந்து விடுதலை கேட்ட அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் தேர்ந்தெடுத்த நாடகங்களைப் பாருங்கள்: ‘ஆன்டிகனி’, ‘ஆர்துரோ உய்’, கால்டெரோனின் ‘ஸலமேயா ஊர்த்தலைவர்’, அரிஸ்டோஃபனீசின் ‘அமைதி’. அரசு மானியத்தில் நடக்கும் அரங்கில், அரசு ஒரு போரை நடத்திக்கொண்டிருக்கும்போது, அதிகாரத்தையும் படையையும் பற்றிய இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்க முடியாது. துண்டறிக்கை எழுதாமல் நாடக அட்டவணை வழியாகவே கருத்துச் சொல்வதும் விழாத் தலைவர் ஒருவரின் கலைதான். 1963இல் மக்கள் அரங்கை ழோர்ழ் வில்சனிடம் விட்டு விலகினார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் நாடகங்களைப் பார்த்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

அதன்பிறகு அவிஞ்ஞோனில் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. தாம் உருவாக்கிய முற்றத்தில் தாமே தொடர்ந்து நாடகம் போட்டுக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ இடத்தைப் பிறருக்குத் திறந்துவிட்டார். 1966 முதல் விழாவின் நாட்கள் நீண்டன. ரோழே ப்ளான்ஷோனின் குழு வந்தது. மோரிஸ் பெழார் தம் நடனக் கலைஞர்களோடு வந்தார். 1967இல் கார்மல் மடத்து முற்றம் இரண்டாவது திறந்தவெளி மேடையானது. அதே ஆண்டில் திரைப்பட இயக்குநர் கொதாரின் புதிய படம் ஒன்று பாப்பரசர் முற்றத்திலேயே திரையிடப்பட்டது. இருபது ஆண்டுகள் ஓர் இயக்குநரின் விழாவாக இருந்தது, பல இயக்குநர்களின் விழாவானது. விழாத் தலைமையை ஏற்றவர் தம் கலையை இழக்கிறார் என்ற புலம்பலுக்கு விலாரின் வாழ்க்கையில் ஆதாரம் தேடுபவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். என் கணிப்பு வேறு. யார் எந்த முற்றத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அவருடைய இயக்கம் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

திறந்த கதவு வழியாகத்தான் 1968உம் வந்தது. பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய மே மாதக் கிளர்ச்சியின்போது அரசின் போக்கைக் கண்டு, பாரிஸ் ஓபெராவைச் சீரமைக்கத் தம்மிடம் தரப்பட்டிருந்த பணியிலிருந்து விலார் விலகினார். ஆனால் அவிஞ்ஞோன் விழாவை நிறுத்த மறுத்தார். வேலைநிறுத்தங்களால் பிரெஞ்சுக் குழுக்கள் வராமல் போக, பெழாரின் நடனமும், விலாரே அழைத்திருந்த அமெரிக்காவின் ‘லிவிங் தியேட்டர்’ குழுவுமே விழாவின் பெரும்பகுதி ஆயின. ஜூலை 18 அன்று, ரோன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வில்நேவில், ழெரார் ஜெலாஸ் என்ற இளைஞரின் நாடகத்தை அந்த மாவட்ட ஆட்சித்தலைவர் தடைசெய்தார். அது விழாவைச் சேர்ந்த நாடகமும் அல்ல, அந்த மாவட்டத்தில் விலாருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கோபம் மட்டும் அவர்மேல் திரும்பியது. கிளர்ச்சிக்கார இளைஞர்கள் ‘பண்பாட்டுப் பல்பொருள் அங்காடி’ என்று விழாவைச் சாடினார்கள். தெருக்களில் ‘விலார், பெழார், சலசார்’ என்று முழக்கமிட்டார்கள். போர்ச்சுகலின் சர்வாதிகாரியோடு விலாரைச் சேர்த்துச் சொல்வதற்கு எதுகையைத் தவிர வேறு நியாயம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாடகத்தை இலவசமாகத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று லிவிங் தியேட்டர் கேட்டது, நகராட்சி அனுமதிக்கவில்லை, குழு விழாவை விட்டு வெளியேறியது. அந்த இளைஞர்களின் கேள்வியை நான் முழுவதுமாகத் தள்ளிவிட மாட்டேன். பொதுச்சேவை என்றால் சீட்டு எதற்கு என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பணிப்பெண்ணுக்கு அன்பளிப்புத் தர இயலாதவரின் கூச்சத்தைப் பற்றிப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த ஒருவரிடம் அதைச் சர்வாதிகாரி என்ற வசையோடு கேட்டிருக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் விலாருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார், விழாவை விடவில்லை. நாடகாசிரியர்களின் புதிய, மேடையேறாத பிரதிகளுக்கு அவிஞ்ஞோனில் இடமில்லை என்பது அவர்மீது நெடுநாளாக இருந்துவந்த குறை. லூசியன் அத்தூன் என்ற விமர்சகரை அழைத்து அதற்கென்றே ஒரு மேடையைத் தொடங்கச் சொன்னார். ‘திறந்த அரங்கு’ என்று அதற்குப் பெயர் அமைந்தது. 1971ஆம் ஆண்டு மே 28 அன்று, 59ஆம் வயதில், விலார் ஸேத்தில் இறந்தார். முன்னாள் பள்ளி ஆசிரியரும் அவருடைய நெடுநாள் துணைவருமான போல் புவோ பொறுப்பேற்று, அந்தக் கோடையின் விழாவை நடத்தினார். வெண்ணுடைத் துறவியர் தேவாலயம் என்ற சிறிய இடத்தில், அதுவரை எவரும் கேட்டிராத நாடகங்களோடு திறந்த அரங்கு தொடங்கியது.