ஒரே ஓட்டில் தப்பியதா அமெரிக்க ராணுவம்?

‘பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்குவதற்கு நான்கு மாதம் முன்பு அமெரிக்க ராணுவத்தையே கலைத்துவிடப் பார்த்தார்கள், ஒரே ஓட்டில் பிழைத்தது. ஜனநாயகத்தால் போருக்குத் தயாராகவே முடியாது’ என்றொரு பதிவு வலம் வருகிறது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பப்படுகிறது.

1941 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று வாக்குகள் விழுந்தது உண்மைதான். ஆனால் ராணுவம் இருக்க வேண்டுமா என்பது அன்றைய கேள்வியே அல்ல. 1940 செப்டம்பரில் வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இளைஞர்களை 12 மாதங்களுக்கு மட்டுமே அழைத்திருந்தது. அதை மேலும் 18 மாதங்கள் நீட்டிக்கலாமா என்பதே கேள்வி. மசோதா தோற்றிருந்தாலும் நிரந்தரப் படை இருந்திருக்கும், ஆள்சேர்ப்பும் தொடர்ந்திருக்கும். பயிற்சி பெற்ற இளைஞர்கள் முறைவைத்து வீடு திரும்பியிருப்பார்கள். அது சிறிய இழப்பல்ல, ஆனால் கலைப்பும் அல்ல.

தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. ‘ஓராண்டுதான்’ என்று சொல்லி அழைத்த பிள்ளைகளின் பெற்றோரிடம், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர்கள் அந்த உறுப்பினர்கள். முதல் உலகப்போரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்கள் இறந்த நினைவும் ஆறியிருக்கவில்லை. முகாம் சுவர்களில் ‘அக்டோபரில் ஓடிவிடுவோம்’ என்ற பொருளில் கிறுக்கிவைத்தார்கள் வீரர்கள். பெரும்பாலோர் ஓடவில்லை என்பது வேறு கதை.

இதே நாடாளுமன்றம்தான் 1940 ஜூலையில் கடற்படையைச் சுமார் 70 சதவீதம் பெருக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவில் அது மட்டும் காணவில்லை.