ரிப்பன் விற்றவளின் மகன்

ஏதென்ஸ் என்றாலே 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். அந்தத் தொட்டிலில் யார் வீட்டுப் பிள்ளையைப் போட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

கி.மு. 451-ல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டம்: அப்பா, அம்மா இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அம்மாவுக்கு ஓட்டு கிடையாது. அவள் பிறப்பு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்! அடிமைகளை விடுங்கள். 'குடிமகன் யார்' என்று பக்கம் பக்கமாக எழுதிய அரிஸ்டாட்டிலே அங்கே வெளியூர்க்காரர்தான். அப்புறம், பெரிக்கிளிஸின் இரண்டு மகன்கள் கொள்ளைநோயில் போனதும், மிலேட்டஸ் என்ற வெளியூரைச் சேர்ந்த அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகனுக்காகத் தன் சட்டத்திலிருந்தே விலக்குக் கேட்டு நின்றார். கொடுத்தார்கள். பெரிய இடம்.

யூக்ஸிதியோஸ் பெரிய இடம் இல்லை. கி.மு. 346 வாக்கில் ஊர் ஊராகக் குடிமக்கள் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, ஹாலிமூஸ் ஊர்க்காரர்கள் ஓட்டெடுத்து இவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். பேர்பெற்ற பேச்சாளர் டெமோஸ்தனிஸ் எழுதிக் கொடுத்த வாதம் இன்றும் கையில் இருக்கிறது.

குற்றச்சாட்டைக் கேளுங்கள். அப்பாவின் பேச்சில் வெளியூர் வாடை. மனிதர் போரில் பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டு, பல வருஷம் கழித்து ஊர் திரும்பியவர், வாடை வராதா? அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், பிறத்தியார் குழந்தைக்குச் செவிலியாக இருந்தாள். ஆக, ஏழை என்றால் அந்நியள்! மகன் மடக்குகிறார்: சந்தையில் விற்கும் வெளியூர்க்காரர்களுக்குத் தனி வரி உண்டே, அம்மா அதைக் கட்டியதாக ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

ஊர்க்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்திய லட்சணமும் அந்த வாதத்தில் இருக்கிறது. ஓட்டுப் போடச் சத்தியம் செய்தவர்கள் 73 பேர். பழைய பகையாளி யூபூலிடிஸ் பேசிப் பேசியே பொழுதைப் போக்கினார். கிழவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். இவர் முறை வந்தபோது இருட்டிவிட்டது. மிஞ்சியவர்கள் 30 பேருக்கு மேல் இல்லை. எண்ணினால் 60-க்கு மேல் ஓட்டு! நம்மூர் கள்ள ஓட்டெல்லாம் சும்மா.

கோர்ட்டிலும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள். அந்த நிலையில் நின்றுகொண்டு அவர் கடைசியாகக் கேட்பது பதவியோ ஓட்டோ இல்லை: அம்மா செத்தால், எங்கள் குடும்பக் கல்லறையில் நானே அடக்கம் செய்ய விடுங்கள்.